நடுக்கடலில் நின்ற எஞ்சின்கள்

பென்னலூருக்கும் கடலுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டையின் கார்த் தொழிற்சாலையும், மறுபுறம் ஸ்ரீபெரும்புதூரும், தெற்கே ஒரகடமுமாகச் சூழ்ந்திருக்க, இரவென்றும் பகலென்றும் பாராமல் கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஊரில், என் வீட்டுக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகைக்கு ஒரு பழைய படகு எஞ்சினின் டீசல் பம்பு சாக்கில் சுற்றப்பட்டு வந்து இறங்குவதைக் காண்போர், விலாசம் தவறி வந்துவிட்டதோ என்று ஐயுறுவது இயல்பே. என் மகன் ஒரகடத்தில் உத்தியோகம் ஏற்றபின் நாங்கள் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தோம். ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் வடசென்னையின் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் நான் செய்துவந்த படகு எஞ்சின் தொழிலோ என்னை விட மறுத்து, பின்தொடர்ந்து வந்துவிட்டது.

படகிலிருந்து வரும் முறையீடு அநேகமாக எப்போதும் ஒரே மாதிரியானது. "ஓடிக்கினே இருக்குது மேஸ்திரி, திடீர்னு அடங்கிப் போவுது; மடி வலை இறக்கினா இழுவையே இல்ல" என்பார் டிரைவர். பக்கத்தில் நிற்கும் உரிமையாளர், எஞ்சினை இறக்கி போரிங் போட வேண்டியதுதானா என்று கவலையோடு கேட்பார். இந்த இரண்டு வாக்கியங்களைப் பல்லாண்டுக் காலம் கேட்டுக் கேட்டு நான் அடைந்த தீர்மானம் யாதெனில், பழைய எஞ்சின் நிற்கிறது, சக்தி குறைகிறது என்று சொல்லப்படும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் நிரபராதி என்பதே. அதற்குள் போக வேண்டிய டீசலும் காற்றும் சரிவரப் போவதில்லை, அல்லது வெளியேற வேண்டிய புகை வெளியேறுவதில்லை, அல்லது அது இழுக்கும்படி விதிக்கப்பட்ட பாரம் அதன் சக்திக்கு மிஞ்சியதாக இருக்கிறது. ஆகையால் ஸ்பானரை எடுத்து ஹெட்டில் கை வைக்குமுன், டேங்கிலிருந்து தொடங்கி, டீசல் போகும் வழியிலேயே நாமும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதை நான் விரதமாகக் கைக்கொண்டேன்.

நான் தொழில் கற்கப் புகுந்த 1970களின் நடுப்பகுதியில், வடசென்னைக் கரையில் விசைப்படகு என்பது புதுமை நீங்கிய, ஆனால் பழக்கம் முற்றாத ஒரு வஸ்துவாக இருந்தது. 1952ஆம் ஆண்டில் நார்வேயோடும் ஐக்கிய நாடுகள் சபையோடும் இந்திய அரசு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகக் கொல்லத்தை அடுத்த சக்திகுளங்கரை, நீண்டகரைக் கிராமங்களில் மோட்டார்ப் படகுகள் இறங்கின என்பதையும், அதே பத்தாண்டில் சென்னை ராஜ்ய அரசும் நம் கரை மீனவர்களுக்கு விசைப்படகுகள் கொடுக்கத் தலைப்பட்டது என்பதையும் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் வந்தவை டென்மார்க்கிலும் நார்வேயிலும் செய்யப்பட்ட சிறு எஞ்சின்கள். பிறகு கிர்லோஸ்கரும் ரஸ்டனும் வந்தன. அதன்பின் எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் 400 வந்து கரையின் பெரும்பகுதியைத் தன்வசப்படுத்திக்கொண்டது. ஆறு சிலிண்டர், 400 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய ஆறரை லிட்டர் கொள்ளளவு. லாரியில் ஓடிய அதே குடும்பத்து எஞ்சின்தான் கடல்நீரால் குளிர்விக்கும் ஏற்பாட்டோடும் ரிவர்ஸ் கியரோடும் படகில் ஏறியது. பிஸ்டனானாலும் பேரிங்கானாலும் எந்த ஊர் லாரிப் பட்டறையிலும் கிடைக்கும் என்பதால் மீனவர்கள் அதை நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவும் இல்லை. முப்பது வருஷம் கடந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 400களை நான் அறிவேன்.

ராயபுரத்தில் ஒரு சிறிய பம்பு ரூமில் நான் கையாளாகச் சேர்ந்தேன். பெங்களூரில் 1951இல் தொடங்கப்பெற்ற மைக்கோ கம்பெனியின் பம்புகளும் நாசில்களுமே அந்நாளில் எங்கும் இருந்தன. அவற்றைப் பிரித்துக் கழுவி, பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு எலிமென்ட்டும் எத்தனை டீசல் தள்ளுகிறது என்று கண்ணாடிக் குழாய்களில் அளந்து சமன்செய்வதே எங்கள் ஜீவனம். எங்கள் வாத்தியாரின் விசேஷ குணம், பம்பைக் கொண்டுவந்தவனிடமிருந்து பம்பை உடனே வாங்காமையே. முதலில் அவனை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, விசாரணை நடத்துவார். "நின்னப்போ எப்படி நின்னுச்சு? சத்தம் ஏறி இறங்கி நின்னுச்சா, வெட்டுன மாதிரி நின்னுச்சா? நின்னப்புறம் உடனே புடிச்சுதா, நேரம் கழிச்சுப் புடிச்சுதா? கைப்பம்பு அடிச்சப்புறந்தான் புடிச்சுதா?" என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை. வாலிபப் பிராயத்தில் எனக்கு ஸ்பானரில்தான் ஆசை.

எஞ்சின் நிற்கும் விதத்தில் அதன் வியாதி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்வது மிகையாகாது. சுற்று ஏறி இறங்கி, மூச்சு வாங்குவதுபோலத் திணறி, பிறகு அடங்கினால், டீசல் போதவில்லை அல்லது டீசலோடு காற்றும் சேர்ந்து போகிறது. யாதொரு முன்னறிவிப்புமின்றி வெட்டியதுபோல நின்றால், நிறுத்தும் கம்பியோ அதன் ஸ்பிரிங்கோ தளர்ந்து, பம்பில் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் ராக்கைப் பின்னுக்கு இழுத்திருக்கலாம், அல்லது டேங்கின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் ஏறியிருக்கலாம். ஓர் உலுக்கலோடு நின்று, நியூட்ரலில் மட்டும் பிடித்து, கியர் போட்டவுடன் மறுபடி நின்றால், எஞ்சினைப் பார்க்கவே வேண்டாம். புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கிறது, ஆள் முங்கிப் பார்க்க வேண்டும். ராயபுரத்தில் 1968 முதல் இருந்துவரும் மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிலையத்தில் எஞ்சின் டிரைவர் வகுப்பு முடித்து வந்தவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பளிச்சென்று விடை சொல்வார்கள். மற்றவர்களிடமிருந்து அதை வரவழைப்பதற்குப் பொறுமை வேண்டும். ஏனெனில், நடுக்கடலில் எஞ்சின் நின்றபோது அவர்கள் கவனம் காற்றின் திசையிலும் நங்கூரக் கயிற்றிலும் இருந்திருக்குமேயன்றி, சத்தம் அடங்கிய விதத்தில் இருந்திருக்காது.

ஒரு படகின் விஷயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் துறைமுக வாயைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் நின்றுவிடும். பாதி டேங்கு இருக்கும்போதோ இரண்டு மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடி, அதற்கப்புறம் நிற்கும். நிரம்பிய டேங்கில் சீக்கிரமும், பாதி டேங்கில் தாமதமாகவும் நிற்கும் எஞ்சினை யாரும் கண்டதில்லை என்று சொல்லி, ஏதோ தோஷம் என்று பூஜைகூடப் போட்டிருந்தார்கள். ஃபில்டர்கள் மாற்றப்பட்டுவிட்டன, ஃபீட் பம்பும் புதிது. நான் போய், டிரைவர் சொன்னதையெல்லாம் கேட்டபின், எஞ்சினை ஓட்டச் செய்து, சுற்று தடுமாறத் தொடங்கிய க்ஷணத்தில் டேங்கின் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்துக்கொண்டு மூடி விடுபட்டது. எஞ்சின் தடுமாற்றம் தெளிந்து பழையபடி ஓடிற்று.

டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போவதற்கென்று ஒரு மெல்லிய குழாய் வைத்திருப்பார்கள். அந்த வருஷம் படகுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அதன் வாயையும் சேர்த்துப் பூசிவிட்டிருந்தார்கள். காற்று புகாத டேங்கில் டீசல் குறையும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பின் உறிஞ்சலை எதிர்த்து இழுக்கிறது. நிரம்பிய டேங்கில் மேலே இருக்கும் காற்று சொற்பமாகையால் சிறிது டீசல் செலவானவுடனே அந்த இழுப்பு வலுத்துவிடுகிறது. பாதி டேங்கில் காற்று நிறைய இருப்பதால் நேரம் பிடிக்கிறது. தோஷம் என்று கருதப்பட்ட அதே விசித்திரம்தான் காரணத்தை நேராகச் சுட்டிக்காட்டிற்று. ஒரு கம்பியால் குத்தி அந்தத் துவாரத்தைத் திறந்தோம். அதோடு அந்த வேலை முடிந்தது.

இது தவிர, நின்றவுடன் பிடிக்காமல், பத்து நிமிஷம் சும்மா கிடந்துவிட்டுத் தானாகவே பிடிக்கும் எஞ்சின் ஒரு வகை. இது ஆளை மிகவும் ஏமாற்றக்கூடியது. ஏனெனில், கரைக்கு இழுத்துக் கொண்டுவந்து பார்க்கும்போது குறையே இருக்காது. அப்படிப்பட்ட ஒரு படகில், மடி இறக்கி முழு வேகத்தில் இழுக்கும்போது மட்டுமே அடங்குகிறது என்று டிரைவர் நிதானமாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, டேங்கை முழுதும் வடித்து, மேல்வாயில் கை விட்டுத் துழாவினோம். கையகலப் பனியன் வேஸ்ட்டுத் துண்டு ஒன்று, வருஷக்கணக்காக டீசலில் ஊறி வழவழப்பேறி, உள்ளே கிடந்தது. மெதுவாக ஓடும்போது அது ஓரமாகக் கிடக்கும். முழு வேகத்தில் உறிஞ்சல் பலமானவுடன் உறிஞ்சுகுழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்று உறிஞ்சல் போனவுடன் நழுவி விழுந்துவிடும். அந்தத் துண்டுக்காக அந்த எஞ்சினின் பம்பு முன்னரே ஒருமுறை பிரிக்கப்பட்டிருந்தது, நாசில்களும் மாற்றப்பட்டிருந்தன என்பதை நினைக்கையில், அந்த ஏழை உரிமையாளருக்காக எனக்கு இன்றும் மனம் வருந்துகிறது.

டேங்கு குற்றமற்றது என்று தெரிந்தபின், அடுத்து டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையிலான குழாய். இவ்விடத்தில்தான் அனுபவசாலிகளும் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் வழியில் விரிசல் இருந்தால் டீசல் கசிந்து நனைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்திலோ அழுத்தம் கிடையாது, இழுப்புத்தான் உண்டு. ஆகவே அங்கே மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். துடைத்து வைத்ததுபோல உலர்ந்திருக்கும் ஒரு முனையைக் குற்றவாளி என்று யார் சந்தேகிப்பார்கள்? நான் கைக்கொண்ட உபாயம் இரண்டு. ஒன்று, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிட்டு ஓட்டுவது. காற்று வருமானால் குமிழிகள் வரிசையாக ஓடுவதை டிரைவரே பார்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, சுத்தமான டீசல் நிறைத்த ஒரு கேனை எஞ்சினுக்கு மேலே தொங்கவிட்டு, படகின் டேங்கையும் குழாயையும் முற்றிலும் விலக்கிவிட்டு, அந்தக் கேனிலிருந்தே ஓட்டிப்பார்ப்பது. கேனில் ஒழுங்காக ஓடினால் குறை டேங்கிலோ குழாயிலோ இருக்கிறது. கேனிலும் நின்றால் எஞ்சின் பக்கம் இருக்கிறது. இவ்வளவு எளிய பரீட்சையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் எத்தனையோ பேர்.

காற்று புகும் இடம் அநேகமாகக் குழாய் முனையைப் பிணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்கு இருபுறமும் உள்ள தாமிர வாசராகவே இருக்கும். ஒருமுறை இறுக்கப்பட்ட தாமிரம் கெட்டிப்பட்டுவிடுகிறது. கழற்றி அதையே திரும்பப் போட்டால், எத்தனை பலமாக இறுக்கினாலும் உட்காராது. கடைக்கு ஆள் அனுப்ப முடியாத இடங்களில் நாங்கள் செய்தது இது: பழைய வாசரை ஒரு கம்பியில் கோத்து, பம்பு ஸ்டவ்வின் ஜ்வாலையில் பிடிப்போம். முதலில் அதன்மேல் வானவில்லின் வர்ணங்கள் ஓடும்; பிறகு கருக்கும்; பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் செங்கல் நிறம் ஏறிச் சிவக்கும். சிவந்தவுடன் தண்ணீரில் போட்டால், சுர்ரென்ற சத்தத்தோடு கருப்பு உதிர்ந்து, இளஞ்சிவப்பாக, நகத்தால் அழுத்தினால் இணங்கும்படி மெத்தென்று ஆகிவிடும். எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டால் கெட்டிப்படும், தாமிரமோ இளகும் என்ற இந்த உண்மையைக் கண்ணாரக் கண்ட அன்று, ஒரு சாஸ்திரத்தின் வாசலில் நிற்பதுபோல எனக்கு ஆச்சரியம் உண்டாயிற்று. வாசரின் இரு முகங்களையும் கண்ணாடிமேல் வைத்த மெல்லிய எமரித் தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, போல்ட்டை இறுக்கி, காற்றெடுத்துவிட்டு ஓட்டினால், பிளாஸ்டிக் குழாயில் ஒரு குமிழியும் இராது.

நிற்காமல் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை என்பது வேறு விவகாரம். இதில் புகைதான் முதல் சாட்சி. வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது, அல்லது தண்ணீர் உள்ளே வருகிறது. நீலப்புகை ஆயில் எரிவதைச் சொல்லும். கரும்புகையோ, இருக்கும் காற்றுக்கு மிஞ்சின டீசல் உள்ளே போகிறது என்பதற்கு அத்தாட்சி. அதற்குக் காற்று குறைந்ததும் காரணமாகலாம், சுமை கூடினதும் காரணமாகலாம். படகின் எஞ்சின் அறை, சுக்கான் அறைக்குக் கீழே, நாலு பக்கமும் பலகை அடைத்த ஒரு குழி. காற்று வரும் வழிகளின்மேல் வலையைக் குவித்து, மூடியையும் சாத்திவிட்டால், எஞ்சின் தான் கக்கிய வெப்பத்தில் காய்ந்த காற்றையே திரும்பவும் குடிக்க நேர்கிறது. புகை கருத்து, சுற்று இறங்கிய ஒரு படகில், வேறொன்றும் செய்யாமல் மூடியைத் திறந்து வைத்தவுடன் சுற்று ஏறினதைக் கண்டு, டிரைவர் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆனால் இழுவைக் குறைவின் கதைகளில் என் நெஞ்சில் பதிந்தது புரொப்பெல்லர் மாற்றிய படகின் கதைதான். உடைக்கப்பட்ட ஒரு பெரிய படகிலிருந்து சல்லிசாகக் கிடைத்தது என்று, தன் படகுக்கு மிஞ்சின விட்டமும் பிட்ச்சும் உடைய புரொப்பெல்லர் ஒன்றை அந்த உரிமையாளர் பொருத்தியிருந்தார். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. கரையில் நியூட்ரலில் ஓட்டினால் எஞ்சின் பாடிக்கொண்டு ஓடும். கடலில் கியர் போட்டால் கரும்புகை தள்ளிக்கொண்டு மூச்சடைத்துப்போகும். பம்பு இரண்டு இடங்களில் பெஞ்சு ஏறி வந்துவிட்டது. நான் படகைத் துறைச் சுவரோடு வலுவாகக் கட்டச் சொல்லி, முன்னோக்கிக் கியர் போட்டு, முழு ஆக்ஸிலேட்டரில் கை டாக்கோமீட்டரை வைத்துப் பார்த்தேன். தொழிற்சாலை குறித்த சுற்றில் முக்கால் பங்கைக்கூட அது தொடவில்லை. புரொப்பெல்லரின் சுபாவம் எப்படிப்பட்டதென்றால், சுற்று இரட்டித்தால் அது கேட்கும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. ஆகையால் விட்டத்திலும் பிட்ச்சிலும் செய்யும் சிறு மாறுதலும் எஞ்சினுக்குப் பெரும் பாரமாகிவிடும். "எப்பண்ணே இந்த புரொப்பெல்லர் மாட்டுனீங்க?" என்று நான் கேட்டபோதுதான் அவர் உண்மையைச் சொன்னார். பழையதைத் தேடியெடுத்துத் திரும்பப் போட்டபின், அந்த எஞ்சின் மேலும் பல வருஷங்கள் உழைத்தது.

ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் கிளாண்டை அளவுக்கு மீறி இறுக்கிவிடுவதும் இதைச் சேர்ந்ததே. ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே வரலாகாது என்று இறுக்குகிறார்கள். ஷாஃப்ட் சூடேறி, இழுவையில் ஒரு பங்கு அங்கேயே வெந்துபோகிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும்படி விடுவதுதான் முறை.

இழுவை குறைந்தால் உரிமையாளர்கள் பம்பு மேஸ்திரியிடம் கேட்பது ஒன்றே: "கொஞ்சம் டீசல் ஏத்தி வுடுங்க மேஸ்திரி." பம்பின் பக்கவாட்டில், உச்சபட்ச டீசலை வரையறுக்கும் ஒரு ஸ்க்ரூ உண்டு, அதற்கு ஈயமுத்திரையும் உண்டு. அதைத் திருப்பிவிடுவது ஒரு நிமிஷ வேலை. வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். நான் அதற்கு ஒருபோதும் இணங்கியதில்லை. காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால், கூடுதலான டீசல் கரும்புகையாகப் போவதோடு, பிஸ்டன் தலை அளவுக்கு மீறிக் காய்ந்து, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்து, பேரிங்கைத் தின்றுவிடுகிறது. இதனால் சில வாடிக்கையாளர்களை இழந்தேன். அவர்களில் சிலர் உருகின பிஸ்டனோடு திரும்பி வந்தபோது எனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை. கடன் வாங்கித்தான் அந்தச் செலவைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பம்பையே பார்க்க வேண்டிய காலமும் வரத்தான் செய்கிறது. அப்போது முதலில் செய்வது, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நாசில் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துவது. நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் மாறி எஞ்சின் நொண்டும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் முன்பே செத்துக் கிடக்கிறது. பிறகு டைமிங். முதல் எலிமென்ட்டின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த ஒரு குழாயைப் பொருத்தி, டீசல் அதன் வழியே ஒழுகும்படி செய்து, ஃப்ளைவீலைக் கையால் அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். தாரையாக விழுந்துகொண்டிருந்த டீசல் நூலாக மெலிந்து, அறுந்து, சொட்டாக மாறும். நிமிஷத்துக்குச் சுமார் 15 முதல் 20 சொட்டு என்ற அளவுக்கு வந்த இடத்தில் ஃப்ளைவீலின் குறி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இன்றைய கம்ப்யூட்டர் எஞ்சின்களைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும், அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டு மூச்சடக்கி நின்ற நேரங்களில் எனக்குக் கிடைத்த ஒருமைப்பாடு வேறெதிலும் கிடைத்ததில்லை. இவையெல்லாம் சரியாயிருந்தும் இழுவை வராமல், ஆயில் ஊற்றும் வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்து, காலையில் பிடிப்பதற்கே எஞ்சின் அடம்பிடித்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்பதை ஒப்புக்கொண்டு எஞ்சினை இறக்கலாம்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினத்தில் வேலை செய்ய அழைக்கப்பட்டேன். 6,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த அந்த மாவட்டத்தில், படகுகள் ஒன்றின்மேலொன்றாக ஏறிக் கிடந்த கரையில் நின்று எஞ்சினைப் பற்றிப் பேசவே முதலில் நாக்கு எழவில்லை. ஆனால் மிஞ்சியவர்களுக்கு ஜீவனம் வேண்டும் அல்லவா? உப்பு நீரில் மூழ்கிய எஞ்சினுக்கு நாள்கள்தான் கெடு. பம்பின் எலிமென்ட்டில் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டதில் இரண்டு மூன்று கூறுதான். அதில் ஒரு புள்ளித் துரு பிடித்தாலும் அது ஒழிந்தது. முதல் சில தினங்களுக்குள் நாசில்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, நல்ல தண்ணீரால் கழுவி, டீசலும் ஆயிலும் ஊற்றிச் சுற்றி வைத்தவர்களின் எஞ்சின்கள் பிழைத்தன. துக்கத்தில் மூழ்கியிருந்தவர்களால் அதைச் செய்ய இயலவில்லை. அவர்களை யார் குறை சொல்ல முடியும்? நிவாரணப் பணத்தில் எஞ்சின்கள் புதுப்பிக்கப்பட்டுக் கடலுக்குப் போனபின், அடுத்த இரண்டு வருஷங்களும் ஓயாமல் வந்த புகார் பழைய புகாரே: நின்று நின்று போகிறது. எஞ்சினைப் புதுப்பித்தவர்கள் டேங்கைத் திறந்து பார்க்கவில்லை. அடியில் உப்பும் பொடிமணலும் கலந்த சேறாகக் கிடந்து, படகு ஆடும்போதெல்லாம் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது.

பென்னலூருக்கு வந்தபின் இதே பாடம் தரையிலும் பிரயோஜனப்பட்டது. தமிழ்நாட்டில் 2008 முதல் மின்வெட்டு மிகுந்து, 2012இல் அது உச்சத்தை எட்டிய காலத்தில், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு கூடங்களெல்லாம் பழைய ஜெனரேட்டர்களை வாங்கிப்போட்டு ஓட்டின. அவற்றில் பலவற்றில் இருந்தது நம் படகின் 400ஐ ஒத்த எஞ்சினே. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியவுடன் ஜெனரேட்டர் திணறி நிற்கிறது என்று ஒருவர் அழைப்பார். கேனைத் தொங்கவிட்டு ஓட்டினால் சிங்கம்போல ஓடும். டீசல் பீப்பாயை வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருந்ததில் தண்ணீர் இறங்கியிருக்கும். இவ்வூர் ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியல் கல்லூரியிலிருந்து சில மாணவர்கள் அந்நாள்களில் என் கொட்டகைக்கு வருவதுண்டு. காமன் ரெயில், சென்ஸார் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நானும் கற்றேன். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏற்றும் அந்தப் புதிய பம்புகள், நம் பழைய பம்பு பொறுத்துக்கொள்ளும் தண்ணீரில் நூறில் ஒரு பங்கையும் பொறுக்கமாட்டா என்பதை அவர்களும் என்னிடமிருந்து கேட்டுக்கொண்டார்கள். காசிமேட்டில் இப்போது அதிகக் குதிரைத்திறனுள்ள அயல்நாட்டு எஞ்சின்களும் வந்துவிட்டன. அவற்றை அனுமதிக்கலாமா என்பது பற்றி மீனவர்களுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. அவற்றுக்கும் போவது அதே டீசல்தான், டேங்கும் அதே டேங்குதான்.

2001ஆம் ஆண்டில் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், இப்போது நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக நீடிக்கிறது. படகுகள் கரையேறும் இந்தக் காலத்தில் முதலில் நடப்பது பெயின்ட், அடுத்து மரவேலை, அதற்கப்புறம் எஞ்சின். டேங்கைப் பற்றி நினைப்பதற்குள் தடை முடிந்துவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று நான் வெகுகாலமாக மன்றாடிவருகிறேன். பெரும்பாலான டேங்குகளில் கை நுழைய வாய் கிடையாது; அடிமட்டத்தில் வடிகுழாயும் கிடையாது; உறிஞ்சுகுழாய் அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சென்ற தடைக்காலத்தில் ஒரு படகு கட்டுபவர் என் யோசனையை ஏற்று, டேங்கின் அடியைப் பின்புறமாகச் சற்றே சரித்து, தாழ்ந்த மூலையில் ஒரு வடிகுழாயும், மேலே முழங்கை வரை போகும் அகலமுள்ள ஒரு மூடியும் வைத்து, உறிஞ்சுகுழாயை அடியிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தார். ஒவ்வொரு முறை புறப்படுமுன்பும், படகு ஆடாமல் நிற்கும் விடியற்காலையில், அந்த வடிகுழாயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் திறந்து, தண்ணீர் முழுதும் வடிந்து தெளிந்த டீசல் வரும்வரை விட்டுவிட்டு மூடும்படி அந்தப் படகின் டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.